முத்திரை குத்தினால் குப்பை குறையுமா?

பெருந்தொற்றுக் காலத்தில் ஊர்விட்டு ஊர் போகிறவர்களை ஒழுங்காக நடக்கவைக்க அவமானத்தைவிட மலிவான கருவி இல்லை என்பது 2020-இல் பரவலாக வேரூன்றிய கருத்து. அதிகாரிகள் அதைச் சுற்றிவளைத்துச் சொன்னார்கள். குடியிருப்போர் நலச் சங்கங்கள் நேராகவே சொன்னன. வெளியூரிலிருந்து வந்தவர் என்று நாலு பேர் விரல் நீட்டுவார்கள் என்ற பயம் இருந்தால்தான் ஒருவர் கழற்றிய முகக்கவசத்தைத் தெருவில் வீசமாட்டார், தண்ணீர் பாட்டிலை ஏரிக்கரையில் எறியமாட்டார், தனிமைப்படுத்தலின்போது சேர்ந்த குப்பையைப் பக்கத்து வீட்டுத் தொட்டியில் தள்ளமாட்டார் என்பது அதன் சாரம். நடைமுறை அறிவு போலத் தோன்றும் இந்தக் கருத்து, நடந்தவற்றோடு வைத்துப் பார்த்தால் நிற்காது. வைத்துப் பார்ப்பதற்குச் சென்னையின் மேற்கு விளிம்பில் இருக்கும் திருமழிசை ஏற்ற இடம்.

2020 ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் சென்னையில் முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்ததும், 25-ஆம் தேதி கோயம்பேடு காய்கறிச் சந்தையில் கூட்டம் முண்டியடித்தது. அடுத்த சில நாட்களில் மண்டிக்காரர்கள், லோடுமேன்கள், வண்டி ஓட்டுபவர்கள் என வரிசையாகத் தொற்று தெரியவந்தது. மே 5-ஆம் தேதி சந்தை மூடப்பட்டது. மே 10-ஆம் தேதி முதல் காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்கு மாறியது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி, துணைக்கோள் நகரத்துக்கென வைத்திருந்த வெட்டவெளியில் ஏறத்தாழ 200 தற்காலிகக் கடைகள் முளைத்தன. பழம் மாதவரத்துக்குப் போனது. செப்டம்பர் 28-ஆம் தேதி கோயம்பேடு திரும்பத் திறக்கும்வரை, நாலரை மாதம், சென்னை வீடுகளின் சாம்பாருக்குக் காய் வந்த வழி திருமழிசைதான்.

அதே நாட்களில் இன்னொரு நகர்வும் நடந்தது. வேலை போன சந்தைத் தொழிலாளர்கள் காய்கறி லாரியிலும் பைக்கிலும் கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் பக்கத்துச் சொந்த ஊர்களுக்குத் திரும்பினார்கள். அந்த மாவட்டங்களில் தொற்று எண்ணிக்கை திடீரென ஏறியது. கோயம்பேட்டிலிருந்து வந்தவர் என்பது அடையாளம் என்ற நிலையைத் தாண்டிக் குற்றச்சாட்டாக மாறியது. ஜூனில் அது இன்னும் விரிந்து, சென்னையிலிருந்து வந்தவர் எவரும் சந்தேகத்துக்குரியவர் என்றானது. சந்தையை நெரிசலிலிருந்து திறந்தவெளிக்கு மாற்றியதில் பிழையில்லை. நோயின் கணக்கு அதைக் கேட்டது. சந்தையின் பெயரை மனிதர்கள் முதுகில் ஒட்டியதை எந்தக் கணக்கும் கேட்கவில்லை.

மறுதரப்பை அதன் முழு வலுவோடு எடுத்துக்கொள்வதே முறை. அவர்கள் சொல்வது இது: தொற்றுக் காலத்தில் குப்பை வெறும் குப்பை இல்லை, ஒருவர் எறிந்த முகக்கவசம் இன்னொருவருக்கு நோயாகலாம். பயணி, வந்த ஊரில் வேர் இல்லாதவர். வீசிவிட்டு வண்டியேறிவிட்டால் கேட்பாரில்லை. சட்டம் இருந்தாலும் ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் ஒரு சுகாதார ஆய்வாளரை நிறுத்த முடியாது. ஆகவே ஊராரின் பார்வைதான் காவல், அந்தக் காவலுக்குக் கையிலிருக்கும் தடி கெட்ட பெயர். திறந்தவெளியில் மலம் கழிப்பதை ஒழிக்க வெட்கம் உதவியதே, இங்கே மட்டும் ஏன் கூடாது? பலர் உயிர் பிழைப்பதற்காகச் சிலர் மனம் நோவது பெரிய விலையா?

இதில் முதல் பாதி சரி. குப்பை ஆபத்தானது, பயணியைப் பிடிப்பது கடினம், சட்டத்தின் கை குட்டை. மூன்றையும் ஒப்புக்கொள்ளலாம். அவற்றிலிருந்து எட்டிய முடிவுதான் கோணல்.

1. முத்திரை எதைப் பார்த்துக் குத்தப்பட்டது, நடத்தையையா முகவரியையா? கோயம்பேட்டிலிருந்து ஊர் திரும்பும் இரண்டு லோடுமேன்களை எண்ணிப் பார்க்கலாம். ஒருவர் வழி முழுக்க முகக்கவசத்தைக் கழற்றவில்லை. சாப்பிட்ட பொட்டலக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டார். மற்றவர் இரண்டையும் செய்யவில்லை. ஊர் எல்லையில் இருவருக்கும் ஒரே வரவேற்பு. நடத்தைக்கு ஏற்ப ஏறி இறங்கும் தண்டனைதான் நடத்தையைத் திருத்தும். புறப்பட்ட இடத்தைப் பார்த்து விழும் தண்டனையைத் தவிர்க்க ஒழுங்காக நடந்து பயனில்லை. புறப்பட்ட இடத்தை மறைத்தால்தான் பயன். அந்தப் பாடத்தைத்தான் முத்திரை கற்றுக்கொடுத்தது.

உள்ளூர்க்காரருக்கு அது கற்றுக்கொடுத்த பாடம் இன்னும் மோசம். தெருமுனையில் கிடக்கும் முகக்கவசம் யாருடையது என்று எவருக்கும் தெரியாது. குற்றவாளி வெளியூரார் என்று முன்கூட்டியே தீர்ப்பாகிவிட்ட ஊரில், உள்ளூரார் வீசியதும் வெளியூரார் கணக்கில் ஏறிவிடும். இப்படி முத்திரை ஒரு சாராரைத் தண்டித்து, மறுசாராருக்கு இலவச அனுமதிச் சீட்டையும் வழங்கிவிடுகிறது.

சமூக உளவியலாளர் ஷாலோம் ஷ்வார்ட்ஸ் 1970-களில் முன்வைத்த ஒரு விளக்கம் சுற்றுச்சூழல் நடத்தையைப் பற்றிய ஆய்வுகளில் இன்றும் அடிப்படையாக எடுத்தாளப்படுகிறது. பிறர் நலனுக்காக ஒருவர் சிரமப்பட இரண்டு நிபந்தனை வேண்டும். தன் செயலால் யாருக்கு என்ன ஆகும் என்று தெரியவேண்டும். அந்த விளைவுக்குத் தான் பொறுப்பு என்று அவர் மனம் ஒப்பவேண்டும். முத்திரை இரண்டாவதை உடைக்கிறது. செய்யாத குற்றத்தைத் தலையில் கட்டியவுடன் மனிதர் முதலில் செய்வது மறுப்பது: 'நாங்களா கொண்டுவந்தோம்?' என்று எதிர்வாதம் செய்யத் தொடங்கியவர், தான் உண்மையிலேயே போட்ட குப்பைக்கும் பொறுப்பேற்கும் மனநிலையில் இருக்கமாட்டார்.

2. பொறுப்பாக நடப்பது கண்ணுக்குத் தெரியும், பொறுப்பில்லாமல் நடப்பது தெரியாது. மறுதரப்பு கவனிக்கத் தவறிய இடங்களில் இதுவே முக்கியமானது; மற்ற எல்லா மறுப்புகளையும் விட்டுக்கொடுத்தாலும் இது ஒன்று போதும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 மார்ச்சில் வெளியிட்டு ஜூலைக்குள் பலமுறை திருத்திய வழிகாட்டுதலின்படி, நோயாளி வீட்டிலிருந்தால் அவருடைய மருத்துவக் கழிவு மஞ்சள் பையில் தனியாகச் சேரவேண்டும். வீட்டுக் குப்பையோடு கலக்கக்கூடாது. அதை எடுக்கத் தனி ஏற்பாடு வரவேண்டும். சாதாரண வீடுகளில் பயன்படுத்திய முகக்கவசத்தைக்கூடக் காகிதப் பையில் 72 மணி நேரம் வைத்திருந்து, மறுபடி யாரும் எடுத்துப் போடாதபடி வெட்டி, பிறகுதான் பொதுக் குப்பையில் சேர்க்கவேண்டும். நல்ல விதிகள். சோதனை செய்துகொள்வது, வந்த ஊரைச் சொல்வது, தனிமையில் இருப்பது, மஞ்சள் பையை வாசலில் வைப்பது என ஒவ்வொரு படியும் ஊரறிய எடுத்துவைக்கவேண்டியது.

காலை ஏழு மணிக்குப் பேட்டரி வண்டி தெருவுக்குள் வருகிறது. விசில் ஊதியதும் பெண்கள் வாளியோடு வாசலுக்கு வருகிறார்கள். வெளியூரிலிருந்து திரும்பிய மகன் உள்ளறையில் இருக்கும் வீட்டுக்காரம்மா கையில் மஞ்சள் பையோடு வந்து நின்றால் என்ன ஆகும்? எதிர்வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும். பால்காரர் மறுநாள் மணி அடிக்கமாட்டார். வீட்டுக்காரர் வாடகை வாங்கும் தேதிக்கு முன்பே போன் போடுவார். அதே அம்மா அந்த முகக்கவசத்தையும் மாத்திரை அட்டையையும் வெங்காயத் தோலுக்கும் முருங்கைக் காம்புக்கும் அடியில் அமுக்கி, கறுப்புப் பையைக் கட்டிக் கொடுத்துவிட்டால் ஒன்றும் ஆகாது. ஆவது தூய்மைப் பணியாளருக்குத்தான். பையைப் பிரித்துத் தரம் பிரிக்கும் கை அவருடையது. சரியாக நடந்தவருக்கு உடனடித் தண்டனை, தவறாக நடந்தவருக்கு முழுப் பாதுகாப்பு. இப்படியொரு ஏற்பாட்டை வைத்துக்கொண்டு அதற்கு ஒழுங்கு என்று பெயர் சூட்டுவது வேடிக்கை.

இந்தத் தலைகீழ் ஏற்பாட்டுக்கு மாநகராட்சிகள் முத்திரையும் அடித்துக் கொடுத்தன. 2020 மார்ச் முதல் சென்னை வீடுகளின் கதவில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்ற ஸ்டிக்கர் ஏறியது. நடிகர் கமல்ஹாசன் தொடர்புடைய ஒரு வீட்டில் தவறாக ஒட்டிய ஸ்டிக்கர் பிறகு அகற்றப்பட்டதை நாடே பார்த்தது. பிரபலம் இல்லாதவர் வீட்டில் தவறாக ஒட்டியிருந்தால் அது செய்தியாகியிருக்காது. பின்னர் வாசலை மறித்துத் தகரம் அடிக்கும் வழக்கமும் வந்தது. வீட்டுக்கு முன் சுவரொட்டி ஒட்டும் இந்த வழக்கம் உச்ச நீதிமன்றம்வரை போனபோது, சுவரொட்டி ஒட்டச் சொல்லித் தன் வழிகாட்டுதலில் எங்குமே இல்லை என்று மத்திய அரசே சொன்னது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் உரிய அதிகாரி உத்தரவிட்டாலொழிய மாநிலங்கள் ஒட்டக்கூடாது என்று 2020 டிசம்பர் 9-ஆம் தேதி நீதிமன்றம் கூறியது. ஒட்டியவுடன் அந்த வீட்டார் தீண்டத்தகாதவர்போல நடத்தப்படுகிறார்கள் என்பதை விசாரணையின்போதே நீதிபதிகள் கவனப்படுத்தியிருந்தார்கள்.

மறைப்பு என்ற விளைவு தற்செயலானது, நம்மவர்களின் தனிக் குணம் என்று தள்ளிவிடவும் முடியாது. நியூயார்க்கில் டைஃபாய்டு கிருமியைத் தன்னுள் சுமந்த சமையல்காரி மேரி மேலன் 1910-இல், இனிச் சமைப்பதில்லை என்ற வாக்குறுதியின் பேரில் விடுவிக்கப்பட்டார். துணி வெளுக்கும் வேலையில் கூலி குறைவு. பத்திரிகைகள் சூட்டிய பட்டப்பெயரோ ஊர் முழுக்கப் பரவியிருந்தது. அவர் மேரி பிரவுன் என்று பெயரை மாற்றிக்கொண்டு 1915-இல் ஒரு மகப்பேறு மருத்துவமனைச் சமையலறையில் இருந்தபோது அங்கே 25 பேருக்கு நோய் கண்டது. பட்டப்பெயர் அவரைச் சமையலறையிலிருந்து விலக்கவில்லை. அவருடைய பெயரைத்தான் விலக்கியது.

3. வாசலை மூடினால் பயணம் நிற்காது, சந்து வழியாகப் போகும். 1994-இல் சூரத்தில் பிளேக் என்றதும் லட்சக்கணக்கானோர் சில நாட்களில் நகரைவிட்டு வெளியேறினார்கள். 2020 ஜூன் 19 முதல் சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதிகளில் மறுபடி முழு ஊரடங்கு என்றதும் அதற்கு முந்தைய நாட்களில் சென்னையை விட்டுக் கிளம்பிய கூட்டமும் அப்படிப்பட்டதே. பயண அனுமதிச் சீட்டான இ-பாஸ் கிடைத்தவர்கள் நெடுஞ்சாலையில் போனார்கள். கிடைக்காதவர்கள் சோதனைச் சாவடி இல்லாத ஊர்ச் சாலைகளில் புகுந்து போனார்கள். பல ஊர்கள் முள்ளையும் மரக்கிளையையும் போட்டு எல்லையை அடைத்து, வெளியாட்கள் வரக்கூடாது என்று பலகை வைத்தன.

அந்தப் பலகைக்கு இந்தப் பக்கம் நிற்கும் பயணியின் குப்பை எங்கே போகும்? நெடுஞ்சாலையில் தொட்டி உண்டு, பெட்ரோல் பங்க்கில் கழிப்பறை உண்டு, ஓட்டலில் இலை எடுக்க ஆள் உண்டு. ஊர்ச் சாலையில் இவை எதுவும் இல்லை. இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். பொட்டலத்தைப் புளியமரத்தடியில் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் கிளம்பவேண்டும். பிளாஸ்டிக் டப்பாவும் முகக்கவசமும் தண்ணீர் பாட்டிலும் அங்கேயே கிடக்கும். ஒரு நிமிடம் அதிகம் நின்றால் கூட்டம் கூடுமோ என்று பயப்படும் மனிதரிடம் தரம் பிரித்துப் போடும் நிதானத்தை எதிர்பார்ப்பதில் நியாயம் இல்லை. திருமழிசைக்குக் காய் ஏற்றிவந்த வெளிமாநில லாரிகளின் ஓட்டுநர்களுக்கும் இதே நிலைதான்: சரக்கு வேண்டும், சரக்கோடு வரும் ஆள் வேண்டாம். இந்தப் பக்கத்திலேயே சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. ஆளை விரட்டினால் ஏரி காப்பாற்றப்படும் என்று நம்பியவர்கள், அவர் சிறுநீர் கழிக்க எங்கே ஒதுங்குவார் என்று ஒருமுறை யோசித்திருக்கலாம்.

இதே பயத்தின் இன்னொரு முகம் பேருந்தில் தெரிந்தது. இருமல் வந்தால் அடக்கிக்கொள்ளும் பயணி, அடுத்த மாதம் கடன் வாங்கியாவது ஸ்கூட்டர் எடுக்கப் பார்ப்பார். நோய்ப் பயம் பாதி, பார்வைப் பயம் பாதி. ரயிலில் ஏசி பெட்டிகளில் போர்வை கொடுப்பதை நிறுத்தி, ஒருமுறை பயன்படுத்தி எறியும் படுக்கை விரிப்பு விற்பனைக்கு வந்தது. போர்வை திரும்பி வர 2022 மார்ச் ஆயிற்று. இன்னொருவர் தொட்டது எல்லாம் அசுத்தம் என்ற எண்ணம் ஆட்சி செய்யும் காலத்தில், கழுவித் திரும்பப் பயன்படுத்தும் எந்தப் பொருளுக்கும் இடமில்லை. 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்திருந்த மாநிலத்தில், டீக்கடைக் கண்ணாடி டம்ளர் போய்க் காகிதக் கோப்பை திரும்பியதற்கு வேறு விளக்கம் தேடவேண்டியதில்லை.

4. மலையளவு குப்பை எங்கிருந்து வந்தது? திருமழிசையில் சுற்றுச்சூழலுக்கு நேர்ந்த கேட்டின் பெரும்பகுதி எந்தப் பயணியின் ஒழுக்கத்தோடும் தொடர்பில்லாதது. விற்காத தக்காளியும் கோஸும் கத்திரிக்காயும் கடைக்குப் பின்னால் கொட்டிக் கிடந்தன. மழை பெய்தபோது மைதானம் சேறாகி, மூட்டைகளின் அடி அழுகியது. சில்லறை வியாபாரிகள் ஊருக்குள்ளிருந்து குட்டியானை வண்டி பிடித்து வந்துபோகும் தூரம், குறைக்கப்பட்ட நேரம், குளிர்கிடங்கு இல்லாமை, வடிகால் இல்லாமை என அதற்குக் காரணங்கள் வரிசையாக உண்டு. கோயம்பேட்டில் குறைகள் இருந்தாலும், 1996 முதல் ஒரு சந்தை இயங்கிய ஏற்பாடு இருந்தது. காய்கறிக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலைகூட அங்கே அமைக்கப்பட்டது. சில நாள் அவகாசத்தில் வெட்டவெளிக்கு வந்த சந்தைக்கு இவை கிடையாது.

இந்தக் கழிவு எல்லாவற்றுக்கும் முத்திரையைக் காரணம் காட்டினால் அது மிகை. முத்திரை செய்தது வேறொன்று, அது பார்வையைத் திருப்பியது. வண்டிக்காரர் துப்பினாரா, லோடுமேன் முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கினாரா என்பது படத்தோடு செய்தியானது. டன் கணக்கில் அழுகும் காயை மறுநாளுக்குள் அப்புறப்படுத்த ஏன் வழியில்லை என்ற கேள்விக்கு அந்த அளவு இடம் கிடைக்கவில்லை. ஆளைக் குறைசொல்வது எளிது, வடிகால் வெட்டச் செலவாகும். முத்திரை மலிவான கருவி என்று அதன் ஆதரவாளர்கள் சொல்வதில் இந்த அர்த்தத்தில் உண்மை இருக்கிறது.

5. வெட்கம் நடத்தையை மாற்றும் என்பது உண்மை, எந்தத் திசையில் என்பதுதான் கேள்வி. தமிழ்நாட்டில் இதற்குப் பரிசோதனை ஒன்று ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. ஜவுளிக் கடையில் கொடுத்த மஞ்சள் துணிப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறுவது ஒரு தலைமுறைக்கு இயல்பான வழக்கம். துவைத்தால் வருடக்கணக்கில் வரும், கிழிந்தால் கரித்துணியாகும். பயணியின் சுற்றுச்சூழல் பொறுப்புக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேடினாலும் கிடைக்காது. அதைக் கொன்றது எந்தச் சட்டமும் இல்லை. மஞ்சப்பையோடு பட்டணத்தில் இறங்கியவர் பட்டிக்காட்டான் என்று சினிமாவும் நகரமும் சேர்ந்து சிரித்தன. சிரிப்புக்கு அஞ்சியவர்கள் கேரி பேகுக்கு மாறினார்கள். அந்தக் களங்கத்தைத் துடைக்க அரசு 2021 டிசம்பர் 23-ஆம் தேதி 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கவேண்டியிருந்தது. கெட்ட பெயருக்கு அஞ்சி மக்கள் சூழலைக் காப்பார்கள் என்று வாதிடுகிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லவேண்டும்.

6. கழிப்பறை வாதம் மறுதரப்பின் வலுவான ஆயுதம். கமல் கர் 2000-ஆம் ஆண்டை ஒட்டி வங்கதேசக் கிராமங்களில் உருவாக்கிய முறை, ஊராரே கூடித் தங்கள் மலம் தங்கள் தண்ணீரில் கலப்பதைக் கண்டு அருவருப்படையச் செய்வதில் தொடங்குகிறது. அது பல இடங்களில் பலித்தது. அங்கே வெட்கம் ஊர் முழுவதற்கும் பொது, செயலைப் பற்றியது, கழிப்பறை கட்டியதும் முடிந்துவிடுவது. ஆஸ்திரேலியக் குற்றவியலாளர் ஜான் பிரைத்வெய்ட் 1989-இல் வகுத்த வேறுபாடு இங்கே பொருந்தும்: செயலைக் கண்டித்து ஆளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் வெட்கம் ஒரு வகை, ஆளையே கறையாக்கி வெளியே தள்ளும் வெட்கம் மறு வகை. முதலாவது குற்றத்தைக் குறைக்கும். இரண்டாவது, தள்ளப்பட்டவரை மேலும் தூரமாக்கும்.

கோயம்பேட்டு முத்திரை இரண்டாவது வகை. அதைக் கழற்ற வழியே வைக்கவில்லை. சோதனையில் தொற்று இல்லை என்று வந்தாலும், பதினான்கு நாள் முடிந்தாலும், குப்பையை ஒழுங்காகப் போட்டாலும் ஒருவர் கோயம்பேட்டுக்காரராகவே இருந்தார். தூய்மை இயக்கத்தின் பெயரால் செய்த அவமானமும் எல்லை தாண்டியபோது என்ன ஆனது என்பதற்கு மத்தியப் பிரதேசத்தின் பாவ்கேடி கிராமம் சாட்சி. 2019 செப்டம்பர் 25-ஆம் தேதி, திறந்தவெளியில் மலம் கழித்ததாக இரண்டு தலித் குழந்தைகள் அங்கே அடித்துக் கொல்லப்பட்டார்கள். வெட்கம் என்ற தடி யார் கையில் இருக்கிறது, யார் முதுகில் விழுகிறது என்பதைச் சாதிச் சமூகத்தில் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

7. கறை ஓரிடத்தில் நிற்குமா? நிற்காது; சுத்தம் செய்யவந்தவர்மேலேயே வடியும். 2020 ஏப்ரலில், நெல்லூரிலிருந்து சிகிச்சைக்காகச் சென்னை வந்து இறந்த ஒரு மருத்துவரின் உடலைத் தகனம் செய்ய அம்பத்தூர் மயானத்தில் எதிர்ப்பு கிளம்பியது. சில நாட்களில், ஏப்ரல் 19-ஆம் தேதி இறந்த நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைச் சுமந்துசென்றவர்கள்மேல் கல்லும் கட்டையும் விழுந்தன. அடக்கத்தைத் தடுப்பது குற்றம், மூன்று ஆண்டுவரை சிறை என்று அரசு அவசரச் சட்டம் கொண்டுவரவேண்டியதாயிற்று. மருத்துவருக்கே இந்த நிலை என்றால், தொற்று வீட்டுக் குப்பையை எடுக்கும் பணியாளர் தன் தெருவில் என்ன கேட்டிருப்பார் என்பதை ஊகிக்கலாம். எடுக்கிறவரையும் ஒதுக்கிவைத்துவிட்டு, குப்பை எடுக்கப்படவில்லை என்று புகார் சொல்வதில் பொருளில்லை.

8. 'அப்படியானால் விட்டுவிடுவதா?' என்று கடைசியாகக் கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். பெயர் கெடுக்காமல் பொறுப்பை வாங்கமுடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரிகள் உண்டு. 1986-இல் நாட்டின் முதல் எச்ஐவி தொற்று சென்னையில் கண்டறியப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளின் பரப்புரையில் மிகவும் பேசப்பட்டது, புள்ளிராஜா என்ற கற்பனை ஆளைச் சுவரெல்லாம் எழுதி, அவனுக்கு எய்ட்ஸ் வருமா என்று கேட்ட விளம்பரம். உயிரோடிருக்கும் எந்த மனிதரையும் சுட்டாமல் ஊர் முழுக்க அந்தப் பேச்சை எடுக்கவைத்தார்கள். 2020 ஏப்ரலில், தில்லியில் நடந்த ஒரு சமய மாநாட்டுக்குப் போய்வந்தவர்கள்மேல் நாடெங்கும் வசை பொழிந்தபோது, தமிழக சுகாதாரத் துறை தன் அறிக்கைகளில் நிகழ்வின் பெயரைத் தவிர்த்து ஒரே மூலத்திலிருந்து வந்த தொற்று என்ற அளவில் குறிப்பிடத் தொடங்கியது. தாமதமாக வந்தாலும் அது சரியான முடிவு. ஒரு மாதம் கழித்துக் கோயம்பேட்டுத் தொழிலாளிக்கு அந்த அக்கறை கிடைக்கவில்லை.

இ-பாஸையே எடுத்துக்கொள்ளலாம். 2020-இல் அது, வருகிறவர் ஆபத்தானவரா என்று கேட்ட சீட்டு. 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வந்த இ-பாஸ், மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று எண்ணுவதற்கானது. அதில் எரிச்சல் உண்டு, வரிசை உண்டு, ஏமாற்றும் உண்டு. எவருக்கும் அவமானம் இல்லை. ஆகவே பொய் சொல்லவேண்டிய அவசியமும் குறைவு.

மதுப்பாட்டில் விஷயம் இன்னும் தெளிவானது. டாஸ்மாக் வாடிக்கையாளரைவிடக் கெட்ட பெயர் சுமப்பவர் தமிழ்நாட்டில் குறைவு; காகிதத்தில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு போகும் பொருள் அது. காட்டில் உடைந்து கிடந்த பாட்டில் யானையின் காலைக் கிழிக்கிறது என்ற கவலையில், உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு 2022 மே மாதம் நீலகிரியில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொண்டுவந்தால் திருப்பிக் கொடுக்கும் திட்டம் வந்தது. குடித்தால் திருத்தவே முடியாது என்று ஊர் சொன்ன அதே ஆட்களிடமிருந்து பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் திட்டம் நீண்டது. வாங்கியவர் எந்த ஊர், எங்கே தங்கியிருக்கிறார் என்று கவுண்ட்டரில் யாரும் கேட்பதில்லை. பாட்டில் வந்தால் பத்து ரூபாய் கிடைக்கும், வராவிட்டால் கிடைக்காது. இதிலும் குறை உண்டு. காலிப் பாட்டிலை அடுக்க இடமில்லை, வாங்கிவைக்க ஆளில்லை என்று கடை ஊழியர்கள் முறையிட்டார்கள். அது இடத்தைக் கொடுத்து, ஆளைப் போட்டுத் தீர்க்கக்கூடிய குறை.